உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பல்கலைக்கழகம்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களுக்கும், பட்டம் பெற்ற பெரியவர்களின் காகிதங்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும்,



2032-ஆம் ஆண்டில் நம் பல்கலைக்கழகத்துக்கு 175 வயது நிறையும். விழா நடக்கும், மலர் வெளிவரும். மலரின் முதல் பக்கங்களில் சி.வி. ராமன் இருப்பார், சுப்பிரமணியன் சந்திரசேகர் இருப்பார், குடியரசுத் தலைவர்களாக உயர்ந்தவர்கள் இருப்பார்கள். இருக்க வேண்டியவர்கள்தான். ஆனால் அவர்களுடைய கதையைக் காக்க நாம் மெனக்கெட வேண்டியதில்லை. அதை உலகமே காத்துக்கொண்டிருக்கிறது. நான் எழுதுவது மற்றவர்களைப் பற்றி. தம் வீட்டிலிருந்தோ, ஊரிலிருந்தோ, தெருவிலிருந்தோ முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறி, பட்டம் வாங்கி, வேலை பார்த்து, ஓய்வுபெற்று, போய்ச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலருடைய கதை இன்று எந்த அலுவலகத்திலும் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

இப்படி நான் சொல்வதற்குக் காரணம் நம் பல்கலைக்கழகம் பிறந்த விதம். 1839-இல் இந்நகரத்தவர் 70,000 பேர் கையெழுத்திட்ட மனுவில் தொடங்கிய முயற்சி அது. 1857 செப்டம்பர் 5 அன்று சட்டமானது. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து அமைத்ததால் முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதற்கு வகுப்பறை கிடையாது, சொந்த ஆசிரியர் கிடையாது. தேர்வு வைக்கும், பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த செனட் ஹவுஸ் கட்டி முடிந்ததே 1879-இல். பாடம் நடந்ததெல்லாம் மாநிலக் கல்லூரியில், கிறித்தவக் கல்லூரியில், கும்பகோணத்தில், மசூலிப்பட்டினத்தில், திருவனந்தபுரத்தில். மைசூர் 1916-இலும், ஆந்திரா 1926-இலும், அண்ணாமலை 1929-இலும், திருவிதாங்கூர் 1937-இலும் தனிப் பல்கலைக்கழகம் கண்டன. அதற்குமுன் தென்னிந்தியா முழுவதற்கும், கடல் தாண்டி யாழ்ப்பாணத்தார் பலருக்கும், பட்டம் என்றால் சென்னைப் பட்டம்தான்.

இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தின் வரலாற்றைச் சேப்பாக்கத்துக் கட்டடங்களில் தேடினால் பாதிகூடக் கிடைக்காது. ஆண்டுதோறும் வெளியிட்ட காலண்டர் என்னும் தடித்த புத்தகங்களில் பட்டதாரிகளின் பெயர், படித்த கல்லூரி, எந்த வகுப்பில் தேர்ச்சி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. நூற்றாண்டு விழாவை ஒட்டி 1957-இல் தென்னிந்திய உயர்கல்வி வரலாறு இரண்டு தொகுதிகளாக வந்தது. அதில் சட்டமும் குழுக்களும் கல்லூரிகள் தொடங்கிய ஆண்டுகளும் விரிவாக உண்டு. ஆனால் ஒரு பட்டதாரி எந்த ஊரிலிருந்து வந்தார், தேர்வுக் கட்டணத்துக்கு யாருடைய நகை அடகுக்குப் போனது, தேர்வு நாட்களில் யார் வீட்டுத் திண்ணையில் படுத்தார் என்பதற்கெல்லாம் காலண்டரின் அந்த ஒரு வரியில் இடம் ஏது?

முதல் வரியிலிருந்தே பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்தார்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்தவர். சென்னைக்கு வந்து பெர்சிவல் பாதிரியாரின் தினவர்த்தமானி பத்திரிகையை நடத்தினார், ஆசிரியராக இருந்தார், அரசுக் கணக்குத் துறையில் உழைத்தார், சட்டம் படித்துக் கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாக அமர்ந்தார். இதோடு நின்றிருந்தால் அன்றைய பட்டதாரிகள் பலரின் வாழ்க்கையைப்போல இதுவும் ஒரு நல்ல உத்தியோகக் கதையாக முடிந்திருக்கும்.

அவர் நிற்கவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868-இல் அச்சேற்றினார். பிறகு வீரசோழியம், இறையனார் அகப்பொருள், 1887-இல் கலித்தொகை, 1889-இல் சூளாமணி. ஏடுகள் செல்லரித்தும், கட்டை அவிழ்த்தாலே நொறுங்கியும் அழிந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பதறி, பகலில் அலுவலகம், இரவில் ஏடு என்று உழைத்தவர். அவருடைய பதிப்புரைகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். இன்னும் கொஞ்ச காலம் போனால் எதுவுமே மிஞ்சாது என்ற தவிப்பு ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு. நம்முடைய முதல் பட்டதாரி தம் வாழ்நாளைச் செலவிட்டது பழைய எழுத்தைக் காப்பாற்றுவதில்தான். 1901 ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தார். அவர் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், நம் சொந்தத் தாத்தா பாட்டியின் நோட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போடுகிறோம். எனக்கு இதில் கோபம் இல்லை, மனம்தான் ஆறவில்லை.

அவரோடு பட்டம் பெற்ற விசுவநாதபிள்ளையின் பெயரை இன்று எத்தனை பேர் சொல்கிறோம்? ஒரே தேர்வில் தேறிய இருவர். ஒருவர் அச்சிட்ட புத்தகங்கள் அவரை நிறுத்திவைத்திருக்கின்றன. மற்றவரைத் தெரிந்துகொள்ள ஈழத்து ஆய்வாளர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த ஆய்வாளர்களும் எவ்வளவு இழந்தவர்கள் என்பது நமக்குத் தெரியும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. சென்னையில் படித்துப் பட்டம் வாங்கி ஊர் திரும்பியவர்களின் கதைகளும் அந்தத் தீயில் எவ்வளவு போயினவோ. 2005 முதல் ‘நூலகம்’ என்ற நிறுவனம் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவருகிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கனடாவிலும் இருக்கும் சென்னைப் பட்டதாரிக் குடும்பங்களே, உங்களிடமிருந்து ஒரு பழைய கடிதம் கிடைத்தாலும் எங்களுக்கு அது பெரிய சொத்து.

எழுதிவைத்தவர் நிலைக்கிறார் என்பதற்கு இன்னொரு சாட்சி சென்னை மருத்துவக் கல்லூரி. 1875-இல், பெண்கள் மருத்துவம் படிப்பதா என்று லண்டனிலேயே சண்டை நடந்துகொண்டிருந்த நாளில், இங்கே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குத் துணை நின்றவர் அன்றைய மருத்துவத் துறைத் தலைவர் எட்வர்ட் பால்ஃபர். அந்த நால்வரில் மேரி ஷார்லீப் பின்னாளில் லண்டனில் புகழ்பெற்ற மருத்துவராகி, 1924-இல் தம் நினைவுகளை நூலாக எழுதினார். அதனால் அவர் எப்படிப் படித்தார், யார் எதிர்த்தார்கள், யார் ஆதரித்தார்கள் என்பது தெரிகிறது. அதே வகுப்பில் உட்கார்ந்த மற்ற மூன்று பெண்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் அதே கல்லூரியில் 1912-இல் தேர்ச்சி பெற்றதும், சட்டமன்றத்துக்குப் போனதும், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவர் செய்த காரியங்கள் அத்தகையவை. ஆனால் புதுக்கோட்டைக் கல்லூரியில் சேர அவர் பட்ட பாடு, வகுப்பில் ஆண்களுக்கும் அவருக்கும் நடுவே தொங்கிய திரை ஆகியவற்றைப் பின்னால் வந்தவர்கள் அறிந்துகொண்டதில் அவரே உட்கார்ந்து எழுதிய தன்வரலாற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

அவர் பிறந்த அதே 1886-இல் மயிலாப்பூரில் பிறந்த ஆர்.எஸ். சுப்பலட்சுமி, சிறுமியாக இருக்கும்போதே விதவையானவர். 1911-இல் மாநிலக் கல்லூரியிலிருந்து பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை அவர்தான். பிறகு தம்மைப்போன்ற சிறுமிகளுக்கு விடுதி தொடங்கினார். கடற்கரை ஐஸ் ஹவுஸில் அந்தப் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். ஆசிரியைகளாகி ஊர் ஊராகப் போனார்கள். அவருடைய வாழ்க்கையை முழு நூலாக 1966-இல் எழுதியவர் மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. சுப்பலட்சுமி உயிரோடு இருந்த காலத்திலேயே அவரிடம் கேட்டு எழுதினார். நாம் அதற்குக் கடமைப்பட்டிருக்கிறோம். ஐஸ் ஹவுஸில் தங்கிப் படித்து ஆசிரியைகளானவர்களின் பேரன் பேத்திகள் இன்று நம்மிடையே இருக்க வேண்டும். நீங்களாக இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். பாட்டி எந்தப் பள்ளியில் வேலை பார்த்தார், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார் என்று தெரிந்தால் அதுவே போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் உங்களிடம் சொல்ல விரும்பும் கதை அ. லலிதாவுடையது.

கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் ஜார்ஜ் கோட்டைக்கு அருகே எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவாகும்வரை அதன் பட்டங்கள் நம் பட்டங்கள். ஒன்றரை நூற்றாண்டு காலம் அங்கே பொறியியல் படித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. லலிதா தெலுங்குக் குடும்பத்தில் 1919-இல் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். 1937-இல் கணவர் இறந்தபோது கையில் நான்கு மாதக் குழந்தை. இதே ஊரில் சுப்பலட்சுமி பட்டம் வாங்கிக் கால் நூற்றாண்டு கடந்திருந்தது. ஆனாலும் பதினெட்டு வயது விதவைக்கு வீட்டின் மூலைதான் என்று நினைத்தவர்கள் குறையவில்லை. அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டியில் மின் பொறியியல் பேராசிரியர். மகள் இராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்ததும் மருத்துவம் படிக்கலாமா என்ற யோசனை வந்தது. நேரங்காலம் இல்லாமல் ஓட வேண்டிய தொழில், குழந்தையை யார் பார்ப்பது என்று லலிதாவே வேண்டாம் என்றார். அப்பாவின் துறையைத் தேர்ந்தெடுத்தார். முதல்வர் கே.சி. சாக்கோவிடமும் கல்வித் துறை இயக்குநர் ஸ்டேதமிடமும் சுப்பாராவ் பேசினார். 1940-இல் லலிதா சேர்ந்தார்.

விடுதியில் அவர் ஒருவர்தான் பெண். தனியாக இருக்கிறாளே என்று தந்தை யோசித்து, பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரியை அறிவிக்கச் செய்தார். அதைப் பார்த்து வந்து சேர்ந்தவர்கள் பி.கே. த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ். இருவரும் கட்டடப் பொறியியல். போர்க்காலத்தில் படிப்பைச் சுருக்கியதால் மூவரும் ஒரே சமயத்தில் முடித்தார்கள். லலிதாவின் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு, பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெண் ஒருத்தி வந்து நிற்பாள் என்று அச்சகத்துக்குக்கூடத் தெரியாத காலம் அது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அந்தக் காகிதத்தை வீட்டார் எறியாமல் வைத்திருந்ததால்தான் இன்று நமக்கு இது தெரிகிறது.

ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் வேலை, கொஞ்சகாலம் அப்பாவோடு ஆய்வு, பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. மின்கடத்தும் பாதைகளையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின் உற்பத்திப் பணியில் அவர் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் உலகப் பெண் பொறியாளர்களின் முதல் மாநாடு கூடியபோது போய் உட்கார்ந்தார். 1979-இல், அறுபது வயதில், காலமானார். அவரோடு படித்த த்ரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

இவ்வளவு பெரிய கதை, லலிதா மறைந்து வெகுகாலம்வரை பொதுவெளியில் யாரும் பேசாத கதையாகவே இருந்தது. அவருடைய மகள் காகிதங்களைப் பத்திரப்படுத்தி, கேட்டவர்களுக்கு அம்மாவைப் பற்றி வாய்விட்டுச் சொன்னார். கிண்டியில் படித்த பெண்கள் தேடிப் போய் எழுதினார்கள். அதன்பின்புதான் லலிதா நம் எல்லோருக்கும் கிடைத்தார். கல்லூரி ரெஜிஸ்டரில் அவர் பெயர் எப்போதும் இருந்தது. குழந்தையைச் சகோதரர் வீட்டில் விட்டுவிட்டு விடுதிக்கு வந்த தாய் அந்த ரெஜிஸ்டரில் இல்லை. ஒரு மகள் பேசாமல் இருந்திருந்தால் அந்தத் தாய் காணாமலே போயிருப்பார். நான் உங்களுக்கு எழுதுவதன் காரணம் முழுவதும் இதுதான்.

பெருமைக்குரிய பகுதிகளை மட்டும் சேகரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தாட்சாயணி வேலாயுதன் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்து 1935-இல் பட்டம் பெற்றவர். அந்தக் கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. நாட்டின் முதல் தலித் பெண் பட்டதாரி என்றும், அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற ஒரே தலித் பெண் என்றும் அவரைச் சொல்கிறோம். ஆய்வுக்கூடத்தில் சாதி காரணமாகச் சோதனைகளை அவருக்குக் கிட்டத்தில் காட்டவில்லை, எட்ட நின்று பார்த்தே கற்றுக்கொண்டார் என்று அவர் குடும்பத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். இது நம் பல்கலைக்கழகத்தின் வரலாறு இல்லையா? பட்டமளிப்பு உரைகளை மட்டும் தொகுத்தால் இது எங்கே வரும்? விடுதிச் சாப்பாட்டுப் பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், தண்ணீர்ப் பானையை யார் தொடலாம், எந்த வாத்தியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், எந்த வாத்தியார் சாதியைச் சொல்லிக் கூப்பிட்டார் என்பதெல்லாம் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். நாம் கேட்கத் தயங்குவதால் அவர்கள் சொல்லாமல் போகிறார்கள்.

தோற்றவர்களையும் விட்டுவிடாதீர்கள். எஃப்.ஏ. தேர்வில் தோற்ற சீனிவாச ராமானுஜனுக்கு நம் பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் 1913-இல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையோடு ஆய்வு மாணவராக அவரை ஏற்றுக்கொண்டது இதே பல்கலைக்கழகம்தான். துறைமுக அலுவலகக் குமாஸ்தா வேலையிலிருந்து அவரை விடுவித்தது அந்தப் பணம். பட்டதாரிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு ராமானுஜன் அகப்பட மாட்டார். உங்கள் சித்தப்பா மூன்று முறை இங்கிலீஷ் பேப்பரில் தோற்றுப் படிப்பை விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஏன் தோற்றார், தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு அந்தப் பேப்பர் எப்படி இருந்தது என்பதும் நம் கல்வியின் கதைதான்.

தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாளைப் போன்றவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாநிலக் கல்லூரியில் 1921-இல் ஆனர்ஸ் முடித்து, மிச்சிகனில் டாக்டர் பட்டம் பெற்று, கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு செய்து, இங்கிலாந்தில் உலகறிந்த நூலுக்கு இணையாசிரியரானவர். கடைசி ஆண்டுகளில் நம் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்கூடத்துக்கே திரும்பி வந்து, 1984-இல் இறக்கும்வரை அங்கே செடிகளோடு வாழ்ந்தார். மதுரவாயலில் அவரோடு வேலை பார்த்த தோட்டக்காரர்கள், ஆய்வு மாணவர்கள், அக்கம்பக்கத்தார் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஜானகி அம்மாள் எந்த அறிவியல் இதழிலும் இல்லை.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். இன்று கல்லூரியில் சேரும் பிள்ளைகளில் பலர் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கு அரசாங்கமே முத்திரை வைத்துக் கொடுக்கும் தாள் அது. நான் இங்கே முன்னோடிகள் என்று சொல்வது இவர்களையும் சேர்த்துத்தான். நாட்டில் முதல், மாகாணத்தில் முதல் என்பவை எப்படியும் யாரோ ஒருவர் எழுதிவிடுவார். ஊரில் முதல், தெருவில் முதல் என்பதை வீட்டார் எழுதினால்தான் உண்டு. பச்சையப்பன் கல்லூரியிலும் நந்தனம் கல்லூரியிலும் மாலைக் கல்லூரிகளிலும், தொலைநிலைக் கல்வியில் தபாலில் வந்த பாடங்களை வைத்தும், வேலை பார்த்துக்கொண்டே படித்த ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். பேருந்து நடத்துநர்கள், செவிலியர்கள், ஆரம்பப் பள்ளி ஆசிரியைகள். அவர்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள்.

எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். வழியை நம் பல்கலைக்கழகமே ஒரு நூற்றாண்டுக்கு முன் காட்டியிருக்கிறது. 1915-இல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களிடம், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரைப் பற்றியே விசாரித்து எழுதி வாருங்கள் என்று கேள்விப் பட்டியலைக் கொடுத்து அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாருக்கு, வீட்டில் என்ன சமையல் என்று அவர்கள் எழுதி வந்தார்கள். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், தூசி போன்ற ஊர்கள் 1918-இல் புத்தகமாயின. அதே ஊர்களுக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய், என்ன மாறியது என்று பார்த்தார்கள். தென்னிந்தியக் கிராமத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் அந்த மாணவர்களின் எழுத்தைத் தாண்டிப் போக முடியாது. தம் ஊரைத் தாமே எழுதிய பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம் அது.

அதே காரியத்தை இப்போது மனிதர்களை வைத்துச் செய்யலாம். இணைப்புக் கல்லூரி ஒவ்வொன்றிலும் வரலாறும் தமிழும் படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மூத்த பட்டதாரியைச் சந்தித்து, கேட்டு, பதிவு செய்து, எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள் என்று கல்லூரிகளை நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பழைய மாணவர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள்: ஆண்டு விருந்துக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒலிப்பதிவுகளை எழுத்தாக்க ஓர் ஆளை அமர்த்துங்கள். தெலுங்கிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் பேசும் பழைய மாணவர்களை மறக்காதீர்கள். விசாகப்பட்டினத்திலும் கோழிக்கோட்டிலும் பெங்களூரிலும் எத்தனையோ வீடுகளில் சென்னைப் பட்டம் சட்டம்போட்டுத் தொங்குகிறது. அந்த மொழிகள் தெரிந்த பிள்ளைகள் சென்னைக் கல்லூரிகளிலேயே படிக்கிறார்கள், அவர்களை அனுப்புங்கள்.

வீட்டில் பேச உட்காரும்போது, உங்கள் சாதனை என்ன என்று தொடங்காதீர்கள். பெரியவர்கள் கூச்சப்பட்டு, நான் என்ன பெரிசாச் செஞ்சேன் என்று முடித்துவிடுவார்கள். கல்லூரியில் சேர்க்க யார் கூட வந்தது, எந்த ரயில், எக்மோரில் இறங்கி எங்கே போனீர்கள், கட்டணத்துக்குப் பணம் எப்படிப் புரண்டது, மெஸ்ஸில் என்ன சாப்பாடு, லீவில் ஊருக்குப் போனால் தெருவில் எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பாட்டிகளிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். தாத்தா பக்கத்தில் இருந்தால் அவரே பதில் சொல்லிவிடுவார். பேச்சைத் திருத்தாதீர்கள். திருநெல்வேலிப் பேச்சு திருநெல்வேலிப் பேச்சாகவே இருக்கட்டும். ஆண்டு மாறிப்போனால் குறுக்கே பேசாமல், பின்னால் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள். கைபேசியில் பதிவு செய்தால் போதும், ஆனால் பதிவின் தொடக்கத்தில் யார் பேசுகிறார், என்ன தேதி, எந்த ஊர் என்று சொல்லிவிடுங்கள். வெளியில் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டு, அந்தப் பதிலையும் அதிலேயே பதிந்துகொள்ளுங்கள். சிலவற்றைத் தாம் இருக்கும்வரை வெளியிட வேண்டாம் என்பார்கள். அதை மதியுங்கள்.

காகிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது, உள்ளிருக்கும் தாளும் கெடும். குழுப் படங்களைச் சுவரிலிருந்து வெயில்படாத இடத்துக்கு மாற்றுங்கள். ஹால் டிக்கெட், கட்டண ரசீது, விடுதிக் கணக்கு நோட்டு, நாடக விழா அழைப்பிதழ், காதல் கடிதமாகவே இருந்தாலும் எதையும் குப்பை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வரலாற்று ஆய்வாளருக்கு மெடலைவிட மெஸ் பில் அதிகம் சொல்லும். அசலை யாருக்கும் கைமாற்றாகக் கொடுக்காதீர்கள். கொடுப்பதென்றால் எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாகச் சேர்த்த நூல்களும் நோட்டீசுகளும்தான் ரோஜா முத்தையா நூலகமாக 1994 முதல் வளர்ந்து நிற்கின்றன. தனி வீட்டிலிருந்து வந்த காகிதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது போதும்.

பல்கலைக்கழகத்திடமும் கேட்க வேண்டியது உண்டு. பழைய காலண்டர்களையும் பட்டமளிப்புப் பதிவேடுகளையும் மின்வடிவில் திறந்து வையுங்கள். ஒரு குடும்பம் தன் பாட்டியின் பெயரைத் தேடி அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்கும்போது, அந்த வரிக்குக் கீழே எழுத அவர்களிடம் நிறைய இருக்கும். அப்படி எழுதிக் கொடுப்பதை வாங்கிவைக்க ஓர் அறையும் ஓர் ஆளும் வேண்டும். 2032-க்கு மலர் அச்சிடும் பணத்தில் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டாதது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டிலுள்ள கல்லூரிக் குழுப் படத்தை இறக்கி, மூத்தவரிடம் கொண்டுபோய், இவர் யார், இவர் யார் என்று விரல் வைத்துக் கேட்டு, படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் வரிசைப்படி பெயர்களை எழுதிவிடுங்கள். அவருக்குப் பிறகு அந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் கிடையாது.

அன்புடன்,
சேப்பாக்கம் வளாகத்தில் வரலாறு படித்த பழைய மாணவி